ஏரிக்கரையில் ஒரு ரகசியப் பயிற்சி

என் மனதில் இருப்பது இனிமேல் என் மனதில் மட்டும்தான் இருக்கும். இப்படி ஒரு சபதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு எடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இது மூன்றாவது சபதம். முதல் இரண்டைப் பற்றி விசாரிக்காதீர்கள். அவை நலமாக இல்லை.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துப் பிரேமில் பொருத்துகிறவன். முன்னறையில் கண் பரிசோதிப்பவர் இருக்கிறார். எழுத்துப்பலகையைக் காட்டி "கடைசி வரியைப் படிங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் அவருக்குக் கடைசிவரி என்றே பெயர். அவர் சீட்டு எழுதி அனுப்புவார். நான் தேய்ப்பேன். தேய்க்கும் கல் சூடேறாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும், நான் எங்கேயோ போய்விடுவேன். பெரும்பாலும் ஓர் ஏரிக்கரைக்கு. அங்கே நான் மல்லாந்து படுத்திருப்பேன். மேகம் போகும். நான் போகமாட்டேன்.

இது வெறும் கனவாகவே இருந்திருக்கும். முதலாளிதான் கெடுத்தார்.

"உமக்குப் பத்து நாள் லீவு மிச்சம் இருக்கு. மாசக் கடைசிக்குள்ள எடுக்கலேன்னா போயிடும்" என்றார்.

பத்து நாள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. காரணம், என் மனைவி மூன்று மாதமாகச் சுவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு மட்டும் ஒரு பத்து நாள் லீவு கிடைச்சா நாலு அறைக்கும் நாமே வெள்ளையடிச்சிடலாம்" என்பாள். அவள் சொல்லும் அந்த 'நாமே' என்ற வார்த்தைக்குள் ஒரே ஓர் ஆள்தான் இருப்பான். அவன் கையில் வெள்ளையடிக்கும் மட்டைதான் இருக்கும்.

ஆகவே லீவை மனதுக்குள் பூட்டிவைத்தேன். எனக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. அன்றைக்கு அவள் வேலைக்குப் போனதும் கூடத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். தேடல் பெட்டி வெள்ளையாக, பொறுமையாகக் காத்திருக்கும். யாரும் பேசாத இடம் என்று தட்டுவேன். சும்மா இருக்க நல்ல ஊர் என்று தட்டுவேன். மனைவிக்குத் தெரியாமல் லீவு எடுப்பது எப்படி என்று ஒரு தடவை தட்டினேன். பாதி தட்டுவதற்குள் மீதியை அதுவே முடித்துக் கொடுத்தது. நமக்கு முன்னால் எத்தனை பேர் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம்தான் அந்த விளம்பரம் வந்தது. ஏரியோரம் ஒரு தனி வீடு. ஒரே அறை. வாசலில் ஒரு சாய்வு நாற்காலி. தொலைக்காட்சி கிடையாது. வானிலை பார்க்கப் போனால் அங்கே அந்த வீடு. செய்தி படிக்கப் போனால் அங்கேயும் அந்த வீடு. ஒரு யந்திரம் என் உள்ளத்தை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டிருக்கிறதே என்று மெய்சிலிர்த்துப்போய்விட்டேன்.

அந்தச் சிலிர்ப்பைத்தான் செவ்வாய்க்கிழமை கடைசிவரியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் யாரையும் நம்பாதவர். செல்போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். தினம் ஒரு வழியாக வீட்டுக்குப் போவார். அவருடைய பிறந்த நாள் அவர் அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, வீட்டுக் கம்ப்யூட்டர், உங்க போன், அண்ணி போன், மூணுக்கும் ஒரே கணக்கா?" என்று கேட்டார்.

"ஆமா. எனக்கு பாஸ்வேர்டு மனசுல நிக்காது. அவளே ஒண்ணு போட்டு மூணுலயும் நுழைச்சு விட்டுட்டா."

"அப்போ நீங்க தேடுறது எல்லாம் அண்ணிக்குத் தெரியும்."

"நான் தேடுறப்போ அவ ஆபீஸ்ல இருப்பாளே."

"அவங்க எங்க இருந்தா என்ன? எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன கேட்டீங்க, எதைத் தொட்டீங்க, எல்லாத்தையும் அது எழுதி வச்சுக்கும். அண்ணி அவங்க போன்ல பார்த்தா உங்க லிஸ்ட் வரிசையா நிக்கும்."

என் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்தது. நல்ல வேளை, பிளாஸ்டிக்.

"எல்லாமேவா?"

"மனசுல நினைச்சிட்டு டைப் பண்ணாம விட்டது மட்டும் தெரியாது. இப்போதைக்கு."

அந்த நிமிஷத்தில்தான் சபதம் எடுத்தேன். உடனே என் போனை அவரிடம் நீட்டினேன். அவர் எங்கெங்கோ போய் ஒரு பொத்தானைக் காட்டினார். எல்லாவற்றையும் அழி. தொட்டேன். நிச்சயமாகவா என்று கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இப்படி யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பெருமையோடு ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் என் மனைவி அலுவலகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். பஸ் கம்பெனியின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் அவள்தான் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவள். குடை தொலைந்தது என்று வருகிறவரிடம் அவள் குடையைக் காட்டமாட்டாள். என்ன நிறம், கைப்பிடி எப்படி, எந்தக் கம்பி வளைஞ்சிருக்கு என்று நிதானமாகக் கேட்பாள். சொந்தக்காரன் தானாகவே எல்லாவற்றையும் சொல்லுவான். திருடனும் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். கையில் இருப்பதைக் கடைசிவரை காட்டாமல் இருப்பது அவர்கள் அலுவலக விதி. வீட்டிலும் அதுதான் விதி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஏங்க, கம்ப்யூட்டரை யாராவது தொட்டாங்களா?"

"ஏன் கேக்கறே?"

"சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருந்தா நல்லதுதானே."

"நீங்க ஒரு இடத்தைச் சுத்தம் பண்ணினா அங்க ஏதாவது உடைஞ்சிருக்கும்."

"வைரஸா இருக்கும். ஊரெல்லாம் பரவுதாம்."

"வந்த வைரஸ் வேற எதையும் தொடாம, தேடினதை மட்டும் துடைச்சு வச்சிட்டுப் போயிருக்கு." அவள் காலரைத் திருப்பிப் போட்டாள். "பொறுப்பான வைரஸ்."

நான் சுவரைப் பார்த்தேன். பிறகு சுவரைப் பார்ப்பது ஆபத்து என்று ஞாபகம் வந்து தரையைப் பார்த்தேன்.

"போகட்டும். உங்களுக்கு ஒண்ணும் தொலையலையே?"

"எனக்கென்ன தொலையப்போகுது."

"அப்போ சரி" என்று சட்டையை மடித்தாள்.

தொலைந்தது என்னவென்று மறுநாள்தான் தெரிந்தது. அந்த ஏரி வீட்டின் பெயர். அதை நான் எங்கேயும் குறித்துவைக்கவில்லை. குறித்தால் மாட்டிக்கொள்வோமே என்ற முன்ஜாக்கிரதை. ஏதோ ஒரு செடியின் பெயர் என்பது வரை ஞாபகம் இருந்தது. உலகத்தில் செடிகள் நிறைய இருக்கின்றன.

கடைசிவரி கைகொடுத்தார். பழைய பெட்டியின் பக்கமே இனிப் போகாதீர்கள் என்று சொல்லி, என் போனில் வேறொரு தேடுபொறியைப் போட்டுக் கொடுத்தார். அதன் பெயரே மறதி.

"இது யாரையும் ஞாபகம் வச்சுக்காது அண்ணே. நீங்க யாரு, எந்த ஊரு, ஒண்ணும் கேக்காது. ஒரு நிமிஷம் முன்னாடி கேட்டதையே திரும்பக் கேட்டாலும் புது ஆளா நினைச்சுப் பதில் சொல்லும்."

மறதியிடம் ஏரி என்றேன். நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று அதற்குத் தெரியாதல்லவா. பூமியில் உள்ள அத்தனை ஏரிகளையும் எடுத்து என் முன்னால் வைத்தது. பனிக்கட்டியாக உறைந்த ஏரி. உப்பு ஊறி ரோஜா நிறமான ஏரி. எரிமலையின் வாய்க்குள் நீலமாகக் கிடக்கும் ஏரி. பெயரே வைக்கப்படாத ஓர் ஏரியின் நடுவில் ஒரே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. தேய்க்கும் கல்லின் மேல் தண்ணீர் விழ விழ, நான் அத்தனை கரைகளிலும் படுத்து எழுந்தேன். அந்த வாரம் முழுக்க அப்படிப் போனது. வலது லென்ஸை இடதில் பொருத்திவிட்டேன். தரை சாய்வாகத் தெரிகிறது என்று ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து புகார் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் என் ஏரி மட்டும் அதில் இல்லை. தாமரை இல்லம் என்று கேட்டால் பெண்கள் விடுதி வந்தது. மூங்கில் இல்லம் என்று கேட்டால் எங்கோ கரடி வளர்க்கும் இடம் வந்தது. அல்லி இல்லம் என்றதற்கு ஒரு பல் மருத்துவமனை. என்னைத் தெரியாத ஒன்றிடம் எனக்கு என்ன வேண்டும் என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? மாதக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து நாளும் கையைவிட்டுப் போய்விடும். வீட்டில் இருந்து எடுத்தால் மட்டை.

அடுத்த திங்கட்கிழமை பொறுக்க முடியவில்லை. சபதத்தை ஓரமாக வைத்துவிட்டு, கூடத்துக் கம்ப்யூட்டரில் பழைய பெட்டியைத் திறந்தேன். வானிலையைத்தான் பார்க்கப் போனேன், சத்தியமாக. மேலே அந்த வீடு. பக்கவாட்டில் அந்த வீடு. கீழே, கொஞ்சம் பெரிதாக, அந்த வீடு. நாணல் இல்லம். நாணல், நாணல் என்று நான் இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னேன். நான் அத்தனையையும் அழித்த பிறகும் அது என்னை மறக்கவில்லை. மன்னித்து ஏற்றுக்கொண்டது. இதைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

உடனே போன் செய்தேன். துடுப்புப் போடுவதுபோல நிதானமான குரலில் ஒருவர் பேசினார். "வாங்க ஐயா. உங்களுக்காக அறை தயாரா இருக்கு" என்றார். என்ன ஒரு உபசாரம்.

இனி வீட்டில் சொல்ல வேண்டியது பொய் மட்டும்தான்.

"கடையில புது லென்ஸ் வருது. அதுக்குப் பயிற்சி. வெளியூர். பத்து நாள்" என்றேன்.

"அப்படியா. என்ன மாதிரி லென்ஸ்?"

"மூணு பவர், ஒரே கண்ணாடியில."

"அதைத்தான் ரெண்டு வருஷமா போட்டுக் கொடுக்கறீங்களே. எனக்கே போட்டுக் கொடுத்தீங்க."

"இதுல நாலு பவர்."

"நாலாவது எதுக்கு?"

"தூரத்துக்கும் அந்தப் பக்கம் பாக்கறதுக்கு."

"ம்" என்றாள். பிறகு என் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "நீச்சல் உடுப்பு எதுக்கு?"

"லென்ஸைத் தண்ணியிலதான் தேய்ப்பாங்க."

"தலையணை?"

"அங்க நாற்காலி எல்லாம் கடினமா இருக்குமாம்."

"தலையணையை வச்சுக்கிட்டுப் பயிற்சி. நல்லா மனசுல பதியும்." உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து பெட்டிக்குள் செருகினாள். "கொசு மருந்து."

"பயிற்சிக் கூடத்துல கொசு எங்கேருந்து வரும்?"

"தண்ணி இருந்தா கொசு இருக்கும். தண்ணியிலதானே தேய்ப்பாங்க."

அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அதனால்தான் நான் தைரியமாக அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"வெள்ளையடிக்கிறது?"

"நீங்க வந்தப்புறம் பார்த்துக்கலாம். படிப்பு முக்கியம்."

இப்படிப்பட்டவளிடம் போய்ப் பொய் சொல்கிறோமே என்று பஸ் நிலையம் வரைக்கும் வருத்தமாக இருந்தது. பஸ் கிளம்பியதும் சரியாகிவிட்டது.

ஏரி, படத்தில் பார்த்ததைவிடப் பெரிது. கரையெல்லாம் நாணல். காற்று வந்தால் மொத்தமாக ஒரு பக்கம் சாயும், போனதும் நிமிரும். நான் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். காலையில் தண்ணீர் வெள்ளையாக இருந்தது, மத்தியானம் பச்சை, சாயங்காலம் அதற்குப் பெயர் கிடையாது. மேகங்கள் ஏரிக்குள்ளும் போயின, மேலேயும் போயின. சில சமயம் நான் எந்தப் பக்கம் படுத்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் தினம் இரண்டு வேளை படகில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். கையில் எப்போதும் துடுப்பு. அவரை நான் மனதுக்குள் துடுப்பையா என்று கூப்பிட்டேன். நாலு நாள் நான் யாரிடமும் எதற்கும் பதில் சொல்லவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் அது குறைத்துச் சொன்னதாகும்.

ஐந்தாம் நாள் ஒரு பறவை வந்தது. நீலத் தலை, சிவப்புக் கால். அதன் பெயர் என்னவென்று தெரிந்துகொள்ள ஆசை. அங்கே சிக்னல் ஒரே ஒரு பாறையின் மேல்தான் கிடைக்கும். ஏறி நின்றேன். மறதியிடம் கேட்டால் உலகத்துப் பறவை அத்தனையும் வந்துவிடும் என்பதால், என்னைத் தெரிந்த பழைய பெட்டியையே திறந்தேன். ஓர் எழுத்து தட்டுவதற்குள், இதுவா வேண்டும் என்று கீழே ஒரு பட்டியலை விரித்துக் காட்டியது. எங்கள் வீட்டுக் கணக்கில் சமீபத்தில் தேடியவை.

அவற்றில் ஒன்றைக்கூட நான் தேடவில்லை.

முழுப் பட்டியலையும் திறந்தேன். எல்லாவற்றுக்கும் தேதியும் மணியும் இருந்தன. நான் அழித்ததற்கு மறுநாள், காலை ஆறு பத்து: நாணல் இல்லம், ஏரிக்கரை. நான் ஏழு மணிக்கு முன்னால் கண் விழித்தவனில்லை. ஆறு பன்னிரண்டு: நாணல் இல்லம் தொலைபேசி எண். ஆறு பதினைந்து: ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வர என்ன செய்ய வேண்டும். அதற்குக் கீழே நாணல் இல்லம், நாணல் இல்லம், நாணல் இல்லம் என்று தினம் காலையில் பதினோரு தடவை. நான் ஊருக்குக் கிளம்பிய அன்று: ஒரு ஆளுக்கு மட்டும் சமையல். அன்றே மத்தியானம்: சமைக்காமல் சாப்பிடக்கூடியவை. மறுநாள்: பகலில் எத்தனை மணி நேரம் தூங்கலாம். அதற்கடுத்த நாள்: தனியாக இருக்கும்போது சத்தமாகப் பாடினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமா. வெள்ளையடிப்பதைப் பற்றி, பெயிண்ட் பற்றி, சுவர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாறையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் உள்ளத்தைப் புரிந்துகொண்ட அந்த யந்திரம் ஆறு மணிக்கு எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஆபீஸுக்குப் போகிற யந்திரம். முதலில் கோபம் வந்தது. என்னை ஒரு குடையைப் போலக் கட்டி அனுப்பிவிட்டாளே என்று. பிறகு சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. அவளும் பத்து நாள் தனியாக இருக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள். ஒரே வீடு, ஒரே கணக்கு. இரண்டு பேரும் தேடியது ஒன்றையே. என்னிடம் அவள் கேட்கவில்லை, அவளிடம் நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் போய் அந்தப் பெட்டியிடம் கேட்டிருக்கிறோம்.

அவள் எப்படிப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தபோது அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. போன் செய்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தாள். காலை பதினோரு மணிக்கு, தூக்கம் கலையாத குரல்.

"என்ன பண்றே?"

"வேலை தலைக்கு மேல கிடக்கு. நீங்க?"

"பயிற்சி இடுப்பை ஒடிக்குது."

"உடம்பைப் பார்த்துக்கோங்க. தண்ணியில ரொம்ப நேரம் தேய்க்காதீங்க."

"ஆபீஸ் போகலையா?"

"போன்ல எல்லாம் பேசிக்கிட்டு இருக்க முடியாது. ஜன்னல்ல ஆள் நிக்குறாங்க" என்று வைத்துவிட்டாள். பின்னால் ஜன்னல் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தலையணையில் திரும்பிப் படுக்கிற சத்தம்தான் கேட்டது.

அப்போதே முடிவு செய்தேன். நாளைக் காலை முதல் பஸ். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைகிறேன். அவள் பாடிக்கொண்டிருப்பாள். நான் கதவருகில் நின்று, எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது அவளுக்கு முன்னால் நான் தெரிந்துகொண்டேன் என்று இருக்க வேண்டாமா? அதற்காக மீதி ஐந்து நாளை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால், அவள் முகம் எப்படி மாறும் என்பதைவிட, அவள் முகத்தைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. தலையணையைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தபோது துடுப்பையா படகைக் கரையில் ஏற்றிவிட்டு வந்தார். ஐந்து நாளில் முதல் தடவையாக அவராக வாய் திறந்தார்.

"பெட்டி கட்டறீங்களா ஐயா?"

"ஆமா. நாளைக்குக் காலையில கிளம்பறேன்."

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

"எப்படிங்க கிளம்புவீங்க? உங்க பயிற்சி இன்னும் அஞ்சு நாள் கூடுதலா நீளுதாமே. வீட்டம்மா இப்பதான் அக்கரையில என் வீட்டுக்குப் போன் பண்ணி அறையை உறுதி பண்ணிட்டு, உங்க முதலாளிகிட்டயும் பேசியாச்சுன்னு சொன்னாங்க."